உல்சானில் இருக்கிறேன், எல்சிகே ஆட்டம் ஒன்றையாவது நேரில் பார்க்க வேண்டும். எங்கே, எப்படிப் போவது?

ஸ்ரீபெரும்புதூர் மதன்:

எல்லோருக்கும் வணக்கம். கம்பெனிப் பயிற்சிக்காக உல்சான் வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் இரண்டு மாதம் இங்கேதான். ஊரில் இருந்தவரை எல்சிகே, அதாவது லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் (லோல்) கேமின் கொரிய லீக் ஆட்டங்களைப் போனில்தான் பார்த்திருக்கிறேன். கொரியாவில் மாலை 5 மணி என்றால் நமக்கு மதியம் ஒன்றரை. கேன்டீனில் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துப் பழக்கம். 2018-இல் இருந்து டி1 அணியின் ரசிகன்.

இப்போது அதே நாட்டில் இருக்கிறேன், நேரில் பார்க்காமல் திரும்பினால் மனசு ஆறாது. ஆனால் இரண்டு முறை டி1 ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கப் பார்த்தேன். முதல் முறை என் பெயரில் கொரிய போன் எண் கேட்டு அங்கேயே நின்றுவிட்டது. இரண்டாவது முறை பக்கம் திறக்கும்போதே எல்லா இருக்கையும் போய்விட்டது. கொரிய மொழி வணக்கம், நன்றி அளவுக்குத்தான் தெரியும். கூட வர ஆளும் இல்லை. சியோலுக்குக் கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் போக வர ஒரு லட்சம் வோனுக்கு மேல் ஆகிறது. இவ்வளவு செலவு செய்து தனியாகப் போய் உட்காரலாமா? போனவர்கள் சொல்லுங்கள்.

கார்த்தி_வி:

உண்மையைச் சொன்னால் வீட்டில் பார்ப்பதுதான் வசதி. நேரில் மினிமேப் (திரை மூலையில் இருக்கும் சின்ன வரைபடம்) சரியாகத் தெரியாது, வர்ணனை முழுக்கக் கொரிய மொழி, ரீப்ளே திரும்பப் பார்க்க முடியாது. அந்தக் காசில் நல்ல மானிட்டர் வாங்கலாம்.

சுவோன் கயல்:

மதன் தம்பி, நான் சுவோனில் ஐந்து வருடமாக இருக்கிறேன். பல்கலைக்கழக ஆய்வகத்தில் பேட்டரிப் பொருட்கள் வேலை. எல்சிகே நடக்கும் லோல் பார்க் அரங்கத்துக்கு இருபது முறைக்கு மேல் போயிருப்பேன். தாராளமாகத் தனியாகப் போகலாம், ரயில் காசு வீண் போகாது. ஆனால் டி1 ஆட்டத்தை உங்கள் முதல் ஆட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள். சின்ன அணி ஒன்றின் ஆட்டத்துக்குப் போங்கள். டிக்கெட் கிடைக்காது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். ஸ்டேடியம் என்று நினைத்து வந்தால் வாசலைத் தேடுவீர்கள். சியோலில் ஜோங்காக் ஸ்டேஷனை ஒட்டி கிரான் சியோல் என்று ஒரு பெரிய அலுவலகக் கட்டடம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க வங்கி ஊழியர்கள் சாப்பிடப் போய்க்கொண்டிருப்பார்கள். அதன் 3-வது மாடிதான் லோல் பார்க். 2019-இல் இருந்து எல்சிகே அங்கேதான் நடக்கிறது. நான் முதலில் போனபோது உள்ளே நுழைந்ததும் கேமில் வரும் பில்ஜ்வாட்டர் ஊரின் பெயரில் ஒரு கஃபே, ஒரு பிசி பாங் (காசு கொடுத்துக் கேம் ஆடும் கடை), அப்புறம் அரங்கம். மேடை நடுவில், இருக்கைகள் அதைச் சுற்றி வட்டமாக, தலைக்கு மேல் திரைகள். நானூறு சொச்சம் பேர்தான் உட்கார முடியும். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் முதல் இரண்டு பந்தியில் உட்காருகிற கூட்டம், அவ்வளவுதான். அந்த நானூறு இடத்துக்கு டி1 ஆட்டம் என்றால் நாடே மோதுகிறது. இங்கே அதைப் 'பிகெட்டிங்' என்கிறார்கள். 'பி' என்றால் ரத்தம். ரத்தம் சிந்தி டிக்கெட் எடுப்பது என்று பொருள்.

என் முதல் ஆட்டம் நோங்ஷிம் ரெட்ஃபோர்ஸ் ஆட்டம். சென்னையில் சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற ஷின் ராம்யன் நூடுல்ஸ் இருக்கிறதே, அந்தக் கம்பெனியின் அணி. ஒரு புதன்கிழமை, மாலை 5 மணி. ஆய்வகத் தோழி ஒருத்தி கூட்டிக்கொண்டு போனாள். சுவோனில் ஒன்றாம் எண் மெட்ரோவில் ஏறினால் மாறாமலேயே ஜோங்காக்கில் இறங்கலாம், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அவள் வழியெல்லாம் மடியில் வைத்த பையைப் பிரிக்கவே இல்லை. உள்ளே போனதும்தான் பிரித்தாள். ஒரு ஸ்கெட்ச் நோட்டு, நான்கு தடித்த மார்க்கர், ஒரு ஸ்கேல்.

இதற்கு 'சியோபுல்' என்று பெயர். கையால் எழுதிய ஆதரவு அட்டை. இந்த ஊர் ரசிகர்களுக்கு இது ஸ்டார்கிராஃப்ட் என்ற பழைய கேமின் காலத்துப் பழக்கம். வீரரின் பெயரை வைத்துச் சிலேடை எழுதுவார்கள், படம் வரைவார்கள், பரீட்சைக்கு நடுவில் வந்தேன் என்று எழுதுவார்கள். எனக்கும் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். அப்போது எனக்குக் கொரிய எழுத்து தடுமாறித்தான் வரும். அதனால் தமிழில் 'வெற்றி' என்று எழுதினேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கோடு மெலிதாக இருக்கிறது, கேமராவில் தெரியாது என்று மார்க்கரை வாங்கினாள். வ-வின் வளைவு, கொம்பு, ற்-இன் புள்ளி, எதையும் மாற்றாமல் மேலேயே இரண்டு முறை ஓட்டித் தடிமனாக்கினாள். பிறகு ஒவ்வொரு எழுத்தையும் மஞ்சளால் சுற்றி வரைந்தாள். தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தை அவ்வளவு பொறுமையாக அவள் வரைந்ததை நான் மறக்க மாட்டேன். அடியில் அதே பொருளைக் கொரிய மொழியில் 'சுங்னி' என்று சின்னதாக எழுதிக் கொடுத்தாள்.

இரண்டாவது கேம் தொடங்கும் முன் ரசிகர் பக்கம் திரும்பிய கேமரா எங்களிடம் வந்தது. தலைக்கு மேல் இருந்த திரை முழுக்கத் தமிழ் எழுத்து. இரண்டு நொடிதான் இருக்கும். தோழி என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

கார்த்தி சொன்னதற்கு வருகிறேன். மினிமேப், ரீப்ளே எல்லாம் வீட்டில் வசதி, சரிதான். ஆனால் ஒளிபரப்பில் வராத பாதி ஆட்டம் அங்கே நடக்கிறது. அன்று எனக்கு நேரே உட்கார்ந்திருந்த ஜங்கிள் வீரர் (வரைபடத்தின் காட்டுப் பகுதியில் ஆடுபவர்) ஒவ்வொரு இடைவெளியிலும் சூடு தரும் ஹாட் பேக்கை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிசைந்துகொண்டே இருந்தார். விரல் விறைத்தால் மவுஸ் தடுமாறும் அல்லவா. முதல் கேம் தோற்ற பிறகு அதைப் பிசையும் வேகம் கூடியது. பயிற்சியாளர் நோட்டைப் பிடித்தபடி பின்னால் நடந்து வந்து, ஒன்றும் பேசாமல் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். திரை அந்த நேரத்தில் விளம்பரம் காட்டிக்கொண்டிருந்தது.

சத்தமும் அப்படித்தான். முதல் பத்து நிமிஷம் அரங்கம் நூலகம் போல இருக்கும். எல்லோரும் மேலே திரையைப் பார்ப்பார்கள். ஒரு சண்டை மூளும்போது நானூறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுப்பது கேட்கும். அதற்கப்புறம்தான் கூச்சல். ஸ்டார்கிராஃப்ட் நாட்களில் இந்தக் கூச்சலே ஒரு பிரச்சினையாக இருந்தது. கூட்டம் எப்போது கத்துகிறது என்பதை வைத்து எதிராளி என்ன செய்கிறான் என்று வீரர்கள் ஊகித்துவிடுவார்கள். அதற்குக் 'குய்மேப்' என்றே ஒரு சொல் உண்டு. 'குய்' என்றால் காது, காதால் பார்க்கும் மேப். அதற்காகத்தான் அப்போது கண்ணாடி அறையும் இரைச்சல் தடுக்கும் ஹெட்செட்டும் வந்தன. லோல் பார்க்கில் கண்ணாடி அறை கிடையாது. ஹெட்செட் மட்டும்தான். அதனால்தான் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடிகிறது.

அன்று நோங்ஷிம் 2-1 என்று தோற்றது. ஐந்து பேரும் வரிசையாக நின்று குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். எங்கள் வரிசையில் யாரும் எழுந்து போகவில்லை. அவர்கள் மேடையை விட்டு இறங்கும்வரை அட்டையை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். அப்போது பட்டியலின் அடியில் கிடந்த அணிக்காக, வேலை நாளில், மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறவர்கள் அவர்கள். பெரும்பாலும் பெண்கள், இருபதுகளில். டி1 ஆட்டத்தில் கூட்டமும் பரபரப்பும் கிடைக்கும். விளையாட்டை இந்த ஊர் எப்படி நேசிக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் இந்த மாதிரி ஒரு நாள்தான் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்களுக்கு மார்க்கர் கொடுப்பார்.

டிக்கெட் விஷயம் சுருக்கமாக. எல்சிகே தன் பக்கத்தில் தரும் இணைப்பில் கொரியர்களுக்கான தளமும் வெளிநாட்டவர்களுக்கான தளமும் தனித்தனி. நீங்கள் போன் எண்ணில் மாட்டியது முதலாவதில். இரண்டாவதில் பாஸ்போர்ட் பெயரும் வங்கி அட்டையும் போதும். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள், ஆட்டத்தன்று பாஸ்போர்ட்டைக் கையில் வையுங்கள், சரிபார்ப்பார்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாள் இரவு ரத்தான இருக்கைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும், அப்போது மறுபடி மறுபடி பாருங்கள். நான் அப்படித்தான் ஜென்ஜி அணியின் ஆட்டம் இரண்டு பார்த்தேன். கூடுதல் விலைக்கு விற்பவர்களிடம் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். வாசலில் திருப்பி அனுப்பினால் காசும் போகும், நாளும் போகும்.

ஸ்ரீபெரும்புதூர் மதன்:

அக்கா, மிக்க நன்றி. இதை நேற்று ராத்திரியே படித்துவிட்டு இன்றும் படித்தேன். இரண்டு சந்தேகம். எல்லோரும் சேர்ந்து ஏதோ கத்துவார்கள் அல்லவா, அது என்ன? தெரியாமல் தப்பான நேரத்தில் கத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இன்னொன்று, நான் வேலொரண்டும் விளையாடுவேன். அதற்கு இங்கே நேரில் பார்க்க இடம் இருக்கிறதா?

யாழ் ரமணன், அன்சான்:

தம்பி மதன், நான் அன்சானில் தொழிற்சாலை வேலை. அதுக்கு முதல் மூன்று வருஷம் கிம்ஹேயில் இருந்தனான், பூசானுக்குப் பக்கத்தில். கயல் அக்கா சியோலைப் பற்றி வடிவாகச் சொல்லிவிட்டார். நீங்கள் உல்சானில் இருக்கிறபடியால் பூசானைப் பற்றி நான் சொல்கிறேன்.

தேஹ்வாகாங் ஸ்டேஷனில் தோங்ஹே வழி மெட்ரோ ஏறினால் பூசான் பூஜோனுக்கு நேரே போகலாம். கேடிஎக்ஸ் தேவையில்லை, சில ஆயிரம் வோன் போதும். பூஜோனில் இருந்து சோம்யோன் கிட்டத்தான். அங்கே சம்ஜோங் டவரின் மேல் மாடியில் பூசான் இ-ஸ்போர்ட்ஸ் அரங்கம் இருக்கு. 2020-இல் திறந்தது. எம்எஸ்ஐ என்ற சர்வதேச லோல் போட்டியின் 2022 குழுச் சுற்று அங்கேதான் நடந்தது. எல்சிகே அங்கே ஒழுங்காக நடப்பதில்லை, ஆனால் வேறு போட்டிகள் நடக்கும். அவர்களுடைய அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அப்படியே குவாங்கல்லி கடற்கரைக்கும் போங்கள். 2004 ஜூலையில் ஸ்டார்கிராஃப்ட் புரோலீக் இறுதிப் போட்டியை அந்த மணலில் மேடை போட்டு நடத்தினவர்கள். ஒரு லட்சம் பேர் கூடினவர்கள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். என்னுடைய பழைய மேற்பார்வையாளருக்கு அப்போது பத்தொன்பது வயது. மதியமே போய்ப் பாய் விரித்து இடம் பிடித்ததாம். ராத்திரி வேலை நேரங்களில் அதைச் சொல்லத் தொடங்கினால் அந்த மனிசனின் முகமே மாறிவிடும். எனக்குக் கொரிய மொழி அரைகுறையாக விளங்கின காலத்திலேயே அந்தக் கதை முழுக்க விளங்கினது. அடுத்த விடுமுறைக்குத் தன் காரிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போய், இதில்தான் மேடை, இதில்தான் நான் இருந்தேன் என்று மணலில் நின்று காட்டினவர்.

2023 நவம்பரில் லோல் உலகச் சாம்பியன்ஷிப்பில் டி1-க்கும் சீன அணி ஜேடிஜிக்கும் அரையிறுதி பூசான் சஜிக் உள்ளரங்கில் நடந்தது. எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அவரும் நானும் ஒரு பிசி பாங்கில் இருந்து பார்த்தோம். இருந்த இடத்துக்கே ராம்யன் கொண்டுவந்து தருவார்கள். மூன்றாவது கேமில் டி1-இன் ஃபேக்கர் அசீர் என்ற பாத்திரத்தை வைத்து ஜேடிஜியின் ரூலரைத் தூக்கிப் பின்னால் எறிந்தார் பாருங்கள், கடை முழுக்க எழும்பி நின்றது. விளையாடிக்கொண்டிருந்த பெடியள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தவர்கள். டிக்கெட் கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள். பெரிய இறுதிப் போட்டிகளை சிஜிவி தியேட்டர்களில் நேரடியாகப் போடுவார்கள், அதுவும் நல்ல அனுபவம்.

கார்த்தி_வி:

கயல், ஹாட் பேக் விஷயம் எனக்குத் தெரியாது. நேற்றைய ஆட்டத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், ஒரே ஒரு ஷாட்டில் வந்தது. முன்னால் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அடுத்த வருடம் நானும் வரப் பார்க்கிறேன்.

சுவோன் கயல்:

வாருங்கள் கார்த்தி. ரமணன் அண்ணா, குவாங்கல்லி கதையைப் படித்து நெகிழ்ந்துவிட்டேன். உங்கள் மேற்பார்வையாளருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அதே 2023 இறுதிப் போட்டியன்று, நவம்பர் 19, எனக்கும் கோச்சோக் ஸ்கை டோமுக்கு டிக்கெட் இல்லை. குவாங்ஹ்வாமுன் சதுக்கத்தில் பெரிய திரை வைத்திருந்தார்கள். அந்தக் குளிரில் தரையில் உட்கார்ந்து டி1 சீன அணி வெய்போவை 3-0 என்று ஜெயித்ததைப் பார்த்தோம். காலில் உணர்வே இல்லை. யாரென்றே தெரியாத ஒரு பெண் தன் போர்வையின் பாதியை என் முழங்கால் மேல் போட்டாள், ஆட்டம் முடியும்வரை எடுக்கவில்லை.

மதன், கத்துவது பற்றி. ஆட்டம் தொடங்கும் முன் ஒரு ரசிகர் குரல் கொடுப்பார், 'ஹனா, துல், செட்' என்று. ஒன்று, இரண்டு, மூன்று. உடனே எல்லோரும் அணியின் பெயரைச் சொல்லி 'ஹ்வைட்டிங்' (ஜெயித்து வா என்பது போல) என்று முடிப்பார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் எதிரணி ரசிகர்கள் அதே போலச் சொல்வார்கள். அவர்கள் முறையின்போது நாம் அமைதியாக இருக்க வேண்டும். ஒருவர் மேல் ஒருவர் கத்த மாட்டார்கள், இந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆட்டத்துக்கு நடுவில் மனசில் வந்ததைக் கத்தலாம், தப்பே இல்லை. வர்ணனை அரங்கத்திலேயே கேட்கும். ஜுன் யோங்-ஜுன் வர்ணனை செய்யும் நாள் அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஸ்டார்கிராஃப்ட் காலத்திலிருந்து இருக்கும் குரல். அவர் குரல் ஏறும்போது மொழி தெரியாவிட்டாலும் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இன்னொன்று, எதிரணி வீரர் நல்ல ஆட்டம் ஆடினால் அவருக்கும் கைதட்டுங்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.

வேலொரண்டுக்கு சியோலிலேயே சங்கம் பக்கம் வர வேண்டும். டிஜிட்டல் மீடியா சிட்டி ஸ்டேஷன். 2016-இல் ஓஜிஎன் என்ற கேம் டிவி சேனலின் அரங்கமாகத் திறந்த இடம்தான், இப்போது சங்கம் கொலோசியம் என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் நம் சங்கம் ஞாபகம் வரும், அது இந்தப் பேட்டையின் பெயர். 2025-இல் வேலொரண்டின் ஆசிய-பசிபிக் லீகான விசிடி பசிபிக் ஆட்டங்கள் அங்கே நடந்தன. நம் நாட்டு அணியான குளோபல் இஸ்போர்ட்ஸ் அந்த லீகில் ஆடுகிறது. நான் அவர்கள் ஆட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். இந்தியர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டோம். முன் வரிசையில் இரண்டு கொரியப் பெண்கள் அந்த அணியின் ஜெர்சியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன், ஆட்டம் பிடித்தது, அதனால் வருகிறோம் என்றார்கள்.

உங்களுக்கு வார நாளில் வர முடியாது என்றால் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். வார இறுதியில் மதியமே தொடங்கிவிடும், மூன்று கேம் போனாலும் உல்சானுக்குக் கடைசி ரயிலைப் பிடிக்கலாம். எதற்கும் ரயில் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். எந்த நாள் என்று இங்கே எழுதுங்கள், தோழியும் நானும் அன்றே வரப் பார்க்கிறோம்.

ஸ்ரீபெரும்புதூர் மதன்:

அக்கா, கிடைத்துவிட்டது! நீங்கள் சொன்ன வெளிநாட்டவர் தளத்தில், நேற்று இரவு பதினொன்றரைக்கு, ரத்தான ஒரு இருக்கை. இந்த ஞாயிறு, நோங்ஷிம் ஆட்டம்தான். கன்ஃபர்ம் ஆனதும் விடுதிப் படிக்கட்டில் மூன்று மாடி ஏறி இறங்கிவிட்டேன், தூக்கமே வரவில்லை. ரமணன் அண்ணா, அதற்கு அடுத்த வாரம் குவாங்கல்லி போகிறேன். மணலில் மேடை எந்தப் பக்கம் இருந்தது என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

அட்டையில் என்ன எழுதலாம்?

யாழ் ரமணன், அன்சான்:

இன்றைக்கு இரவு வேலை, அவரைப் போனில் கேட்டுவிட்டு எழுதுகிறேன் தம்பி. படமே வரைந்து தரச் சொல்கிறேன்.

சுவோன் கயல்:

ரொம்ப சந்தோஷம் மதன். நாங்களும் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டோம். ஜோங்காக்கில் இறங்கிக் கட்டணக் கதவைத் தாண்டி நில்லுங்கள், ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவோம். எழுதுவதற்கு அந்த நேரம் வேண்டும். 'உல்சானிலிருந்து வந்தேன்' என்று கொரிய மொழியில் பெரிதாக எழுதுவோம், தூரத்திலிருந்து வருகிறவர்களைக் கேமராக்காரர்கள் விடுவதில்லை. மேலே தமிழில் என்ன வேண்டுமோ நீங்கள் எழுதுங்கள். மஞ்சள் மார்க்கர் தீர்ந்துவிட்டதாம், வரும்போது ஒன்று வாங்கி வாருங்கள். நுனி தடிமனானதாகப் பார்த்து.